சலவை இயந்திரமா, தையல் இயந்திரமா? மின்கிற்றாரின் குரலைச் சுற்றிய பொறிகள்

மின்கிற்றாரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் இரு சாராரைப் பற்றியே எழுதியிருக்கின்றனர். ஒரு சாரார் அதனை வாசித்துப் புகழ்பெற்ற கலைஞர்கள். மறு சாரார் அதற்கு ஆக்கவுரிமை பெற்ற கண்டுபிடிப்பாளர்கள். இவ்விரு சாராருக்கும் இடையில் பெயர் தெரியாத பலர் இருக்கின்றனர். தலைமயிரளவு மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றுவதற்கு வீட்டிலேயே ஒரு பொறியைச் செய்துகொண்டவர்கள் அவர்களுட் சிலர். அத்தகைய பொறிகளின் முன்னால் அமர்ந்து வாழ்நாளின் பெரும்பகுதியைக் கம்பி சுற்றிக் கழித்தவர்கள் வேறு சிலர். கிற்றாரின் உடல் மரத்தால் ஆனது. நரம்பு உருக்கால் ஆனது. ஆனால் அதன் குரல் இவர்கள் சுற்றிய சுருளிலிருந்து பிறக்கின்றது.

இச்சுருளைக் கொண்ட பகுதியை உலகெங்கும் ‘பிக்கப்’ என்றே அழைக்கின்றனர். அதன் அடிப்படை எளிமையானது. 1831ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அது. சுருளொன்றின் ஊடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறினால் அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். கிற்றாரின் உருக்கு நரம்பு காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப் பாயம் அவ்வதிர்வுக்கேற்ப மாறுகின்றது. சுருளில் அதே தாளத்தில் ஒரு சிறு மின்னோட்டம் எழுகின்றது. ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்குகின்றது.

எம்மவர்க்கு இதனை விளக்க நீண்ட உரை தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் 1990களின் முற்பகுதியில் மின்சாரமும் இல்லை, பற்றரிகளும் தடைசெய்யப்பட்டிருந்தன. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டிச் செய்தி கேட்டவர்கள் பல்லாயிரவர். அந்த டைனமோவும் கிற்றாரின் பிக்கப்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். முன்னையதில் காந்தம் சுழல்கின்றது; பின்னையதில் நரம்பு அதிர்கின்றது. வேறுபாடு அவ்வளவே.

முதற் சுருள்

மின்கிற்றாரின் கதை ஹவாய்த் தீவுகளிலிருந்து தொடங்குகின்றது. மடியில் கிடத்தி, உருக்குத் துண்டொன்றை நரம்பின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிற்றார் இசை, 1915ஆம் ஆண்டின் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின்னர் ஐக்கிய அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆனால் பித்தளை வாத்தியங்களும் முரசும் முழங்கும் வாத்தியக் குழுவில் கிற்றாரின் ஒலி அமுங்கிப்போயிற்று. இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் ஒருவர் ஜோர்ஜ் பீச்சம். 1899இல் டெக்சாஸில் பிறந்த இவர் மேடைகளில் ஹவாய்க் கிற்றார் வாசித்தவர். லொஸ் ஏஞ்சலிஸில் உலோக உடல் கொண்ட கிற்றார்களைத் தயாரித்த நஷனல் நிறுவனத்தின் தோற்றத்திலும் பங்குகொண்டவர். அந்நிறுவனத்தில் எழுந்த பிணக்குகளின் விளைவாக 1931ஆம் ஆண்டில் அவர் வெளியேற நேர்ந்தது.

அவர் மின்னியலை இரவு வகுப்புகளிற் கற்றார். தொடக்கத்தில் பிரன்ஸ்விக் இசைத்தட்டுக் கருவி ஒன்றின் ஊசிமுனைப் பிக்கப்பைக் கழற்றி, ஒரு மரத்துண்டில் ஒற்றை நரம்பைக் கட்டிப் பரிசோதித்தார். அது போதாதெனக் கண்டபின், ஆறு நரம்புகளுக்கும் ஆறு உருக்கு முனைகளை வைத்து, அவற்றைச் சூழ ஒரு கம்பிச் சுருளை அமைத்து, இரு குதிரைலாடக் காந்தங்களை அதன் மேலாக வளைத்து வைத்தார். இங்கேதான் எமக்கு வேண்டிய கேள்வி எழுகின்றது. அச்சுருளை எதைக் கொண்டு சுற்றினார்?

ரிக்கன்பாக்கர் நிறுவனம் வழங்கும் வரலாற்றின்படி, அவர் தமது சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிச் சுற்றும் பொறியாக்கினார். ஆனால் அவருக்குத் துணைநின்ற போல் பார்த், பின்னர் தாங்கள் பயன்படுத்தியது தையல் இயந்திரத்தின் மோட்டார் என்றே கூறினார். ஒரே நிகழ்வுக்கு இரு சாட்சியங்கள். செய்தித் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இத்தகைய முரண்பாடு எனக்குப் புதிதன்று. என் கணிப்பில் இரண்டும் உண்மையாக இருக்க இடமுண்டு. முதலிற் கைக்கெட்டியதைப் பயன்படுத்தி, அது ஒத்துவராதபோது மற்றையதை நாடியிருக்கலாம். சலவை இயந்திர மோட்டார் பருமனானது. நிலையான வேகத்தில் ஓடுவது. தையல் இயந்திர மோட்டாரோ சிறியது. காலால் மிதித்து வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுடையது. மயிரிழைக் கம்பி அறாமல் மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துவதற்கு அதுவே பொருத்தம். இன்று வீட்டிற் பிக்கப் சுற்றுவோர் பலரும் தையல் இயந்திர மோட்டாரையே நாடுவதற்குக் காரணமும் அதுதான்.

எந்த மோட்டாராயினும், ஒன்று தெளிவு. மின்கிற்றார் பிறப்பதற்கு முன்னர் அதன் சுருளைச் சுற்றும் பொறி பிறக்கவேண்டியிருந்தது. அது எந்தக் கடையிலும் விற்கப்படவில்லை. வீட்டு வேலைக்கென வாங்கிய இயந்திரம் ஒன்றிலிருந்தே பிறந்தது.

நஷனல் தொழிற்சாலையின் முன்னாள் மேற்பார்வையாளரான ஹரி வொட்சன், பீச்சத்துக்காகச் சில மணிநேரத்தில் கை அரத்தைக் கொண்டு மரத்தில் ஓர் உடலும் கழுத்தும் செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சிறு உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட அதற்குப் பொரிச்சட்டி என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. சுவிற்சர்லாந்தில் பிறந்து லொஸ் ஏஞ்சலிஸில் உலோகப் பட்டறை நடத்திய அடொல்ப் ரிக்கன்பாக்கருடன் சேர்ந்து பீச்சம் நிறுவனம் அமைத்தார். 1932இல் அலுமினிய வார்ப்பில் அக்கிற்றார் விற்பனைக்கு வந்தது.

ஆக்கவுரிமை பெறுவது எளிதாக இருக்கவில்லை. 1934 ஜூன் 2இல் தாக்கல் செய்யப்பட்ட விண்ணப்பத்தை ஆராய்ந்தவர்கள், இது மின்சாதனமா இசைக்கருவியா என்று குழம்பினர். இது உண்மையில் இயங்குமா என்றும் ஐயுற்றனர். ரிக்கன்பாக்கர் வாத்தியக் கலைஞர்களை வாஷிங்டனுக்கு அனுப்பி, ஆக்கவுரிமை அலுவலகத்திலேயே வாசித்துக் காட்டச் செய்தார். 1937 ஓகஸ்ட் 10இல் 2,089,171ஆம் இலக்க ஆக்கவுரிமை பீச்சத்துக்குக் கிடைத்தது. அதற்குள் வேறு நிறுவனங்கள் மின்கிற்றார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன. கிப்சன் நிறுவனம் தனது ஈ.எஸ்.150 கிற்றாரை 1936இலேயே வெளியிட்டிருந்தது. பீச்சம் 1941இல் தமது 42ஆவது வயதில், கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்த வேளையில் மாரடைப்பால் காலமானார். தமது சுருள் இசையுலகைப் புரட்டிப்போட்டதை அவர் காணவில்லை.

எண்ணாயிரம் சுற்று

வீட்டுப் பொறியின் சிறப்பை உணர, அது செய்யவேண்டிய வேலையின் அளவை அறிந்துகொள்ள வேண்டும். 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரின் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கம்பி அமெரிக்கக் கம்பி அளவுத்திட்டத்தில் 42ஆம் இலக்கத்தைச் சேர்ந்தது. விட்டம் ஏறத்தாழ 0.063 மில்லிமீற்றர். அதனை ஏறத்தாழ 8,000 தடவை சுற்றவேண்டும். சுற்றி முடித்த பின் சுருளின் தடை ஏறத்தாழ 6,000 ஓம். கம்பியை அவிழ்த்து நீட்டினால் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக நீளும். விரல் நீளமுள்ள ஒரு பொருளுக்குள் ஒரு கிலோமீற்றர் கம்பி!

கம்பியை இழுத்துப் பிடிக்கும் விசையிலேயே எல்லாம் தங்கியிருக்கின்றது. அதிகமாக இழுத்தால் கம்பி அறும். அறாவிட்டாலும் நீண்டு மெலிந்து தடை கூடும். தளர்வாக விட்டால் சுற்றுகள் தாமே அதிர்ந்து, ஒலிபெருக்கியின் முன் கீச்சிடத் தொடங்கும். இதனைத் தவிர்க்கவே சுற்றிய சுருளை உருக்கிய மெழுகில் அமிழ்த்துகின்றனர். சுற்றுகளைக் கூட்டினால் ஒலி வலுக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் விலை உண்டு. சுற்றுக் கூடக்கூடத் தூண்டுதிறனும் கொள்ளளவமும் கூடி, உச்சத்து ஒலிகள் மங்கிவிடும்.

ஆகவே வீட்டுப் பொறி ஒன்றுக்கு நான்கு உறுப்புகள் வேண்டும். முதலாவது வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய மோட்டார். அதன் வேகம் மிகையாக இருப்பின் கப்பியும் பட்டியும் கொண்டு குறைக்க வேண்டும். இரண்டாவது, பொபினைத் தள்ளாடாமல் பிடித்துச் சுழற்றும் தட்டு. மூன்றாவது, கம்பி பொபினின் இரு விளிம்புகளுக்கு வெளியே பாயாமல் தடுக்கும் வழிகாட்டி. நான்காவது, சுற்றுகளை எண்ணும் கருவி. பொபினின் அச்சில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, அதன் அருகே காந்தம் நெருங்கினால் மூடும் ஆளியொன்றை வைத்து, அதனை மலிவான கணிப்பான் ஒன்றின் சமன் குறிப் பொத்தானுடன் இணைத்துவிடுவர். ஒன்று, கூட்டல், சமன் என்று முதலில் அழுத்திவிட்டால், அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் கணிப்பான் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும். விலையுயர்ந்த எண்ணியின் வேலையைப் பாடசாலைப் பிள்ளையின் கணிப்பான் செய்துவிடுகின்றது. நிமிடத்துக்கு 1,000 சுற்று என்ற வேகத்தில் 8,000 சுற்று எட்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த எட்டு நிமிடமும் கம்பியைத் தாங்கும் விரல்கள் ஒரே சீரான பிடியில் இருக்கவேண்டும்.

புல்லேர்ட்டன் பெண்கள்

பீச்சத்தின் ஆக்கவுரிமை வழங்கப்பட்ட 1937 ஓகஸ்ட் 10ஆம் நாள், லியோ பெண்டர் என்ற இளைஞரின் 28ஆவது பிறந்தநாளாக இருந்தது தற்செயல். கலிபோர்னியாவின் புல்லேர்ட்டன் நகரில் வானொலி திருத்தும் கடை நடத்திய இவர் சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். நண்பர் டொக் கோவ்மனுடன் சேர்ந்து இசைத்தட்டு மாற்றும் கருவியொன்றை உருவாக்கி, அதனை 5,000 டொலருக்கு விற்று, அப்பணத்தில் பட்டறையை அமைத்தார் என்பது அவரது வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1950களில் அவரது தொழிற்சாலை உலகின் முன்னணி மின்கிற்றார் உற்பத்தி நிலையங்களில் ஒன்றாயிற்று.

அத்தொழிற்சாலையில் பிக்கப் சுற்றும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மோட்டார் பொபினைச் சுழற்ற, கம்பியை விரல்களுக்கிடையே பிடித்து, இடமும் வலமுமாகக் கையாலேயே வழிநடத்தினர். 1956இல் அங்கு வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா அவர்களுள் ஒருவர். 1965இல் நிறுவனம் சி.பி.எஸ். ஊடக நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. முதலாளிகள் மாறினர், கட்டடங்கள் மாறின. இபாரா 2013ஆம் ஆண்டில் ஓய்வுபெறும் வரை கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தமது கைவண்ணத்தை ஜொசெஃபினா கம்போஸ் என்பவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டே அவர் சென்றார்.

கையால் வழிநடத்தும்போது கம்பி ஒரே ஒழுங்கில் அடுக்கப்படுவதில்லை. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும், குறுக்கும் மறுக்குமாகவும் விழுகின்றது. தொழிற்சாலை முகாமையாளரின் கண்ணுக்கு இது குறைபாடு. ஆனால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று நெருங்கிப் படியாதபோது கொள்ளளவம் குறைகின்றது. அதனால் உச்சத்து ஒலிகள் தெளிவாக ஒலிக்கின்றன. பிற்காலத்தில் தானியங்கிப் பொறிகள் வந்து கம்பியை நூல் பிடித்தாற்போல் அடுக்கியபோது, பழைய கிற்றாரின் இனிமை இல்லையே என்று கலைஞர்கள் குறைபட்டனர். இன்று கணினியால் இயங்கும் பொறிகளுக்கு அப்பழைய ஒழுங்கீனத்தைப் பாவனை செய்யக் கற்பிக்கின்றனர்.

கிப்சன் நிறுவனத்தின் அனுபவமும் இதையொத்ததே. அங்கு பணியாற்றிய பொறியியலாளர் செத் லவர், மின்விளக்குகளிலிருந்தும் மின்மாற்றிகளிலிருந்தும் வந்து சேரும் இரைச்சலை நீக்க ஒரு வழி கண்டார். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைந்த இரு சுருள்களை, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்து அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து தம்முள் அழிய, நரம்பின் ஒலி மட்டும் ஒன்றுசேர்ந்தது. 1955இல் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1959இல் கிடைத்தது. சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று என்பது திட்டம். ஆனால் பொபின் நிரம்பும்வரை சுற்றினோம் என்பதே அக்காலத்தைப் பற்றிப் பின்னர் சொல்லப்பட்ட செய்தி. அதனால் ஒன்றைப்போல் மற்றொன்று அமையவில்லை. இன்று அக்காலப் பிக்கப் ஒன்றே ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகின்றது.

இங்கே ஒரு முரண் இருக்கின்றது. செத் லவரின் பெயர் ஆக்கவுரிமைப் பத்திரத்தில் உள்ளது. ஆனால் ஒவ்வொரு சுருளையும் வெவ்வேறு குரலுடையதாக்கிய கை எவருடையது என்பதற்கு எந்தப் பத்திரமும் இல்லை. ஈய எழுத்துகளைக் கோத்துப் பத்திரிகைகளை அச்சேற்றிய காலத்தை நான் கண்டவன். கட்டுரைக்கு மேலே எழுதியவரின் பெயர் வரும். கீழே ஆசிரியரின் பெயர் வரும். விடியும்வரை நின்று எழுத்துக் கோத்து, எமது எழுத்துப் பிழைகளையும் சத்தமின்றித் திருத்திய அச்சுக்கோப்பாளரின் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. பிக்கப் சுற்றிய பெண்களின் கதையை வாசித்தபோது எனக்கு அவர்களே நினைவுக்கு வந்தனர்.

இசைத்தட்டு மேசையில்

தொழிற்சாலைகள் பெருகிய பின்னரும் வீட்டுப் பொறி மறையவில்லை. இங்கிலாந்தில் பெல்தம் என்ற ஊரில் 1963 ஓகஸ்ட்டில், இலத்திரனியல் அறிவு மிக்க தந்தை ஹரோல்டும் மகன் பிரையன் மேயும் கடையில் வாங்கப் பணமில்லாத நிலையில் ஒரு மின்கிற்றாரைத் தாமே செய்யத் தொடங்கினர். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து அதன் கழுத்து உருவானது. மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் வால்வுச் சுருள்வில்கள் அதன் அதிர்வுக் கருவிக்கு உதவின. பிக்கப்புகளையும் மகன் வீட்டிலேயே சுற்றினார். ஆனால் அடுத்தடுத்த காந்த முனைகள் மாறிமாறி அமைந்ததால், நரம்பைப் பக்கவாட்டில் வளைத்து வாசிக்கும்போது வேண்டாத இரைச்சல் எழுந்தது. ஆகவே பேர்ண்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தி, அவற்றின் சுருள்களைப் பசைகொண்டு இறுக்கினார். குயீன் இசைக்குழுவுடன் உலகை வலம்வந்தது அந்தக் கிற்றாரே. முதலில் சுற்றிய சுருள் கிற்றாரில் நிலைக்கவில்லை. எனினும் வாங்கிய சுருளில் என்ன செய்யவேண்டும் என்ற அறிவை அவருக்குக் கொடுத்தது அந்த முதற் சுருளே.

அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் சீமோர் டங்கன் என்ற சிறுவனின் கிற்றார்ப் பிக்கப் பழுதடைந்தது. அவன் அதனை இசைத்தட்டுக் கருவியின் மேல் வைத்து, அத்தட்டின் சுழற்சியிலேயே கம்பியைச் சுற்றினான். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. சுருளுக்கு 8,000 சுற்று என்று கொண்டால் நான்கு மணிநேரம். பீச்சம் இசைத்தட்டுக் கருவியின் ஊசிமுனையை எடுத்தார். டங்கன் அதே கருவியின் சுழல்மேசையை எடுத்தார். 1976இல் டங்கனும் அவரது துணைவியார் கத்தி கார்ட்டர் டங்கனும் கலிபோர்னியாவில் பிக்கப் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினர். கிப்சனின் கலமசூ தொழிற்சாலையில் பயன்பட்ட லீசோனா சுற்றுப்பொறி ஒன்றும் பின்னர் அவரிடம் வந்து சேர்ந்தது. முதிய வயதில் செத் லவரும் அவருடன் இணைந்து தமது பழைய வடிவமைப்பை மீள உருவாக்கினார்.

1990களில் ஜேசன் லொல்லார் என்பவர் பிக்கப் சுற்றுவதையும் அதற்கான பொறியை வீட்டிற் செய்வதையும் படங்களுடன் விளக்கி ஒரு கைநூல் எழுதினார். அதுவரை தொழிற்சாலை மதில்களுக்குள் இருந்த அறிவு பலர் கைக்கும் வந்தது. ஒருவர் தையல் இயந்திரத்தையும், மற்றொருவர் துளையிடும் கருவியையும், இன்னொருவர் பழைய மின்விசிறி மோட்டாரையும் கொண்டு தத்தமக்கென ஒரு பொறியை அமைத்தனர். தனியொருவர் தம் பட்டறையிற் கையாற் சுற்றி விற்கும் பிக்கப் இன்று பெருநிறுவனப் பொருளுடன் விலையிலும் மதிப்பிலும் போட்டியிடுகின்றது.

எமது நாட்டிலும் நீர்ப்பம்பி மோட்டாரின் எரிந்த சுருளை அவிழ்த்து, சுற்றுகளை எண்ணி, புதிய கம்பி சுற்றிக் கொடுக்கும் கடைகள் சிறு நகரங்கள் தோறும் உள்ளன. அங்கு அமர்ந்திருப்பவரிடம் உள்ள அறிவும் பீச்சத்திடம் இருந்த அறிவும் வேறானவையல்ல. பாடசாலை ஆய்வுகூடங்களில் மின்காந்தத் தூண்டலைக் கரும்பலகையில் கோடு கீறிக் காட்டுவதைவிட, மாணவர் குழுவொன்றுக்குப் பழைய தையல் இயந்திர மோட்டாரும் ஒரு கணிப்பானும் கொடுத்துச் சுற்றும் பொறி செய்யச் சொல்வது பயன்மிக்கது என்பேன். கம்பி இரண்டு தடவை அறுந்த பின்னர் எந்த மாணவரும் அப்பாடத்தை மறக்கமாட்டார்.

புல்லேர்ட்டன் தொழிற்சாலையில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து, சுற்றிமுடித்த பிக்கப்பின் அடிப்புறத்தில் திகதியும் சுற்றியவரின் பெயரின் முதலெழுத்துகளும் எழுதப்பட்டன. பழுது கண்டால் யார் சுற்றியது என்று அறிவதற்கு அது உதவியிருக்கும். பழைய கிற்றார்களைத் திறந்து பார்க்கும் சேகரிப்பாளர்கள் இன்று முதலில் தேடுவது அவ்வெழுத்துகளைத்தான். இபாராவின் எழுத்துகள் உள்ள பிக்கப்புக்குத் தனி விலை உண்டு. கண்டுபிடிப்பாளரின் பெயரை ஆக்கவுரிமை அலுவலகம் காத்து வைத்திருக்கின்றது. சுற்றியவரின் பெயரைக் காத்து வைத்திருப்பது கிற்றாரின் உள்ளே, எவர் கண்ணிலும் படாமல் இருக்கும் அந்தச் சிறு பலகை மட்டுமே.